டீசல் சுமை வண்டிக்கு வலுவான கிளட்ச்: எதைத் தேர்ந்தெடுப்பது?

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்கும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் நெல் கொள்முதல் நிலையத்திற்கும் நம் விளைபொருள் போவது டீசல் பிக்கப் வண்டிகளில்தான். பலர் சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறீர்கள். தக்காளி ஏற்றிய வண்டி நடுவழியில் கிளட்ச் தீய்ந்து நின்றுவிட்டால் அன்றைய ஏலம் போயிற்று. மறுநாள் பாதிச் சரக்கு அழுகிவிடும். ஆகவே கிளட்ச் என்பது நம் விலையோடு சம்பந்தப்பட்ட பொருள்.

"அய்யா, கிளட்ச் அடிக்கடி போகிறது. இதைவிடக் கனமான செட் போட்டால் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?" என்று பலர் கேட்கிறீர்கள். போடலாமா, போட்டால் எதைப் போடுவது, அதற்கு முன் எதைப் பார்ப்பது என்பவற்றை இன்று வரிசையாகச் சொல்கிறேன்.

கிளட்ச் என்ன வேலை செய்கிறது?

உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு தட்டை வைத்து அழுத்திப் பிடித்துக் கொள்ளுங்கள். ஒருவர் அந்தத் தட்டைத் திருகப் பார்க்கிறார். அது நழுவாமல் இருக்க என்ன வேண்டும்? அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளங்கை சொரசொரப்பாக இருக்க வேண்டும். தட்டு அகலமாக இருந்து, ஓரத்தில் பிடித்தால் பிடி இன்னும் நன்றாக இருக்கும். கிளட்சும் இப்படித்தான். எஞ்சினோடு சுற்றும் பிளைவீல் ஒரு கை. பிரஷர் பிளேட் மற்றொரு கை. நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட்தான் அந்தத் தட்டு. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங் விரல்களைத் தள்ளி அழுத்தத்தை நீக்குகிறது. பெடலை விட்டால் மீண்டும் அழுத்துகிறது.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். 240 மில்லிமீட்டர் வெளி விட்டமும் 160 மில்லிமீட்டர் உள் விட்டமும் உள்ள பிளேட்டை எடுத்துக் கொள்வோம். சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். ஸ்பிரிங் அழுத்தம் 5,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 500 கிலோ எடை. லைனிங்கின் உராய்வு எண் 0.3. இருபுறமும் உரசுவதால் இரண்டால் பெருக்க வேண்டும். 0.3 × 5,000 × 0.1 × 2 = 300 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் உச்சத் திருகு விசை 200 என்றால் கிளட்சின் தாங்கும் திறன் அதைப்போல் ஒன்றரை மடங்கு. வண்டி தயாரிப்பவர்கள் இப்படி ஓர் இருப்பு வைத்துத்தான் செய்கிறார்கள். ஆகவே கிளட்ச் நழுவுகிறது என்றால், அந்த இருப்பு எங்கே போயிற்று என்று முதலில் கேட்க வேண்டும்.

நோயைக் கண்டபின் மருந்து

இருப்பு குறைவதற்கு வழக்கமான காரணங்கள் நான்கு.

1. எண்ணெய்க் கசிவு. எஞ்சினின் பின்புற ஆயில் சீலிலிருந்தோ கியர் பாக்ஸின் முன்புற சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து லைனிங்கில் பட்டால் உராய்வு எண் பாதியாகக்கூடக் குறையலாம். மேலே சொன்ன கணக்கில் 0.3 என்பது 0.15 ஆனால் 300 என்பது 150 ஆகிவிடும். எஞ்சின் தருவதோ 200. நழுவாமல் என்ன செய்யும்? சீலை மாற்றாமல் எவ்வளவு விலையுயர்ந்த பிளேட்டைப் போட்டாலும் அதுவும் நனைந்து வீணாகும்.

2. பெடலில் தளர்வு இல்லாமை. கேபிள் வகை வண்டிகளில் பெடலின் மேற்பகுதியில் சிறிது வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். லைனிங் தேயத் தேய இந்த ஆட்டம் குறைந்து கொண்டே வரும். அது முற்றிலும் இல்லாமல் போனால், நீங்கள் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் விரல்களைத் தள்ளிக் கொண்டே இருக்கும். பத்து நிமிட வேலையில் சரிசெய்யக் கூடிய இந்தக் குறைக்காகக் கியர் பாக்ஸை இறக்கியவர்களும் உண்டு.

3. சூடு. லைனிங் மிகையாகச் சூடேறினால் பிடி தளரும். தீய்ந்த வாடை வருவது இதனால்தான். ஆறிய பிறகு மீண்டும் பிடிப்பது போலத் தோன்றும். ஆனால் பலமுறை தீய்ந்த லைனிங் கண்ணாடிபோல் வழவழப்பாகி, பழைய பிடி திரும்பாது.

4. இயற்கையான தேய்மானம். லைனிங் தேய்ந்து ரிவெட் தலை வெளியே வந்தால் அது பிளைவீலையும் கீறிவிடும்.

நழுவுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். இலேசான ஏற்றத்தில், உயர்ந்த கியரில் ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வண்டியின் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. நிறுத்திய வண்டியிலும் சோதிக்கலாம். சமதரையில் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கைப்பிரேக் போட்டு, எதிரில் எவரும் நில்லாதபடி பார்த்துக் கொண்டு, நான்காம் கியரில் பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக் கொண்டிருந்தால் கிளட்ச் முடிந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். சோதனையே லைனிங்கைத் தின்றுவிடும்.

பாரமா, பழக்கமா?

சுமை கூடினால் கிளட்ச் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். சமதரையில் வண்டியை நகர்த்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும், அந்த வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய ஈடான அளவு கிளட்சில் வெப்பமாகிறது. இயக்க ஆற்றல் எடையைப் பொறுத்து நேராகவும், வேகத்தைப் பொறுத்து வர்க்கமாகவும் கூடும்.

சுமையோடு 3 டன் எடையுள்ள வண்டி என்று வைத்துக் கொள்வோம். முதல் கியரில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் வரும்போது கிளட்ச் முழுமையாகப் பிடித்துக் கொள்கிறது. அதே எஞ்சின் வேகத்தில் இரண்டாம் கியரில் 14 கிலோமீட்டர் வர வேண்டும். 14-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் மூன்றுக்குச் சற்று மேல். அதாவது இரண்டாம் கியரில் நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் மூன்று மடங்கு வெப்பம். அதற்கு மாறாக 3 டன்னை 4 டன்னாக ஏற்றினால் வெப்பம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதிகச் சுமையைவிட ஓட்டுநரின் கியர்ப் பழக்கம் கிளட்சை விரைவில் கொல்லக் கூடியது என்பதை இதிலிருந்து அறியலாம்.

மலைப்பாதையில் இன்னொரு கேடு இருக்கிறது. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், எதிரே வண்டி வருகிறதென்று, கைப்பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிக்கிறார்கள். அப்போது அந்தச் சிறிய வீட்டுக்குள் உண்டாகும் வெப்பம் ஆறு, ஏழு கிலோவாட். ஆறேழு மின்சார அடுப்புகளை ஒன்றாகப் போட்டது போல் ஆகும். அரை நிமிடம் அப்படி நின்றால், சமதரையில் இருபத்தைந்து முறை வண்டியை எடுத்ததற்குச் சமம். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உரமும் எருவும் ஏற்றிப் போகும் வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் இதைத்தான் செய்கின்றன. காய்கறியோடு இறங்கும்போது கிளட்சுக்குப் பாரம் குறைவு. ஏறும்போதுதான் அது சாகிறது.

வலுவான கிளட்ச் என்றால் என்ன?

அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு மாடலிலிருந்து டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் வந்தது. கால்நடை டிரெய்லர்களை இழுக்கும் அந்நாட்டுப் பண்ணையாளர்கள் பலர் எஞ்சினின் சக்தியையே கூட்டிக் கொண்டார்கள். எஞ்சின் கூடிய பிறகு அசல் கிளட்ச் போதவில்லை. ஆகவே அங்கே வலுவூட்டிய கிளட்ச் விற்பது தனி வியாபாரமாக வளர்ந்தது. ராம் பிக்கப்பில் கையால் கியர் மாற்றும் வகை 2018-ஆம் ஆண்டு மாடலோடு நின்றுவிட்டது. நம் நிலைமை வேறு. நாம் எஞ்சினைக் கூட்டவில்லை; சுமையும் பாதையும்தான் கடினம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கொண்டு, வலுவூட்டும் வழிகளைப் பாருங்கள்.

முதல் வழி, ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டுவது. கால்பங்கு கூட்டினால் நம் கணக்கில் 300 என்பது 375 ஆகும். ஆனால் பெடலும் ஏறக்குறைய அதே அளவு கனக்கும். சந்தை நெரிசலில் நூறு முறை மிதிக்க வேண்டிய கால் உங்களுடையது. கேபிள், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் திரஸ்ட் பேரிங் ஆகிய அனைத்துக்கும் பாரம் கூடும்.

இரண்டாவது, அகலமான பிளேட். 240-க்குப் பதில் 260 மில்லிமீட்டர் வெளி விட்டமும் 170 மில்லிமீட்டர் உள் விட்டமும் உள்ள பிளேட் என்றால், தாங்கும் திறன் 300-லிருந்து 322-தான் ஆகிறது. "இவ்வளவுதானா?" என்று நினைக்கலாம். ஆனால் உரசும் பரப்பு, ஒரு பக்கத்திற்கு 251 சதுர சென்டிமீட்டரிலிருந்து 304 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு அதிகம். வெப்பமும் தேய்மானமும் பரந்த இடத்தில் பங்கிடப்படுவதால் ஆயுள் கூடும், பெடலும் கனக்காது. நம் வேலைக்கு இதுவே சாலச் சிறந்தது. ஆனால் பிளைவீலில் அதற்குரிய போல்ட் துளைகளும், கூண்டில் இடமும் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் தயாரிப்பாளரே அதே எஞ்சினுள்ள கனரக மாடலுக்குப் பெரிய செட் தந்திருந்தால், அது உங்கள் பிளைவீலில் பொருந்துமா என்று பாகப் பட்டியலைக் கொண்டு கேளுங்கள்.

மூன்றாவது, லைனிங்கை மாற்றுவது. வழக்கமான ஆர்கானிக் லைனிங் மென்மையாகப் பிடிக்கும், சூட்டுக்கு இளகியது. கெவ்லார் இழை கலந்தது நெடுநாள் உழைக்கும். ஆனால் பொறுமையாகப் பழக்க வேண்டும், ஒருமுறை கடுமையாகத் தீய்ந்தால் தேறுவது அரிது. டிராக்டர்களில் நீங்கள் பார்த்திருக்கும் பட்டன் பிளேட், பீங்கானும் உலோகமும் கலந்தது. அது சூட்டைத் தாங்கும், பிடியும் அதிகம். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். வண்டி குதித்துப் புறப்படும். முட்டைத் தட்டும் தக்காளிப் பெட்டியும் அதிரும். பிளைவீலும் விரைவில் தேயும். மெதுவாக ரிவர்ஸ் எடுத்து மண்டி வாசலில் வண்டியை அணைப்பது கடினம்.

நான்காவது, இரட்டை பிளேட். உரசும் முகங்கள் இரண்டுக்குப் பதில் நான்காவதால் திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். விலையும் அப்படியே. அளவாகச் சுமக்கும் பிக்கப் வண்டிக்கு இது தேவையில்லை.

எதை எடுத்தாலும் பிளேட்டின் நடுவில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் உள்ளதையே வாங்குங்கள். டீசல் எஞ்சின் ஒவ்வொரு வெடிப்பிலும் உதறும். நடுவில் ஸ்பிரிங் இல்லாத பிளேட்டைப் போட்டால் அந்த உதறல் நேரே கியர் பற்களுக்குப் போகும். சில புதிய வண்டிகளில் இரண்டு பகுதிகளாலான, உள்ளே ஸ்பிரிங் அமைந்த பிளைவீல் உண்டு. அதை எடுத்துவிட்டுத் திடமான பிளைவீல் போட்டால் கியர் பாக்ஸில் கடகட ஒலி எழலாம். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியில் இத்தகைய மாற்றம் எதையும் செய்யும் முன் எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள்.

யாருக்கு எது?

சமவெளியில், அனுமதித்த சுமைக்குள் ஓட்டுபவருக்கு அசல் செட்டே போதும். முந்தைய செட் சீக்கிரம் போயிருந்தால், மேலே சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

நாள்தோறும் மலையேறுபவருக்கும், மழைக்காலத்தில் கரிசல் வயலிலிருந்து சுமையோடு வண்டியை வெளியே எடுப்பவருக்கும், பொருந்துமானால் அகலமான பிளேட், ஆர்கானிக் லைனிங். அது கிடைக்காவிட்டால் அசல் அளவிலேயே தரமான கனரக லைனிங். ஸ்பிரிங் அழுத்தம் சிறிது கூடுதலாக இருக்கலாம்.

பட்டன் பிளேட், நாள் முழுதும் டிரெய்லர் இழுப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு மட்டும்.

பலவீனம் இடம் மாறும்

ஓர் எச்சரிக்கை. அளவுக்கு மீறிய பாரம் வரும்போது நழுவிக் கொடுப்பதும் கிளட்சின் வேலைதான். அது நழுவாதபடி செய்துவிட்டால் அந்த அதிர்ச்சி கியர் பற்களுக்கும், புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும், பின் ஆக்சிலுக்கும் போகும். சேற்றில் சிக்கிய வண்டியைப் பட்டன் கிளட்சோடு வெடுக்கென்று இழுத்தால், பிளேட்டின் விலையில் முடிய வேண்டியது ஆக்சிலின் விலையில் முடியும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்.

மேலும், கனத்த கிளட்ச் போட்டதனால் பிரேக்கும் டயரும் பட்டைகளும் கனத்துவிடவில்லை. ஏற்றத்தில் இழுத்துவிடும் கூடுதல் சுமையை இறக்கத்தில் நிறுத்த வேண்டியது பிரேக். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகைச் சுமையை இறக்கும் செலவும் நம் தலையில். ஆகவே அதிகம் ஏற்றுவதற்காகக் கிளட்சை மாற்ற வேண்டாம்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒருமுறை கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழைய பிளேட்டில் லைனிங் மட்டும் மாற்றி ஒட்டியது விலை குறைவு. ஆனால் நடு ஸ்பிரிங்குகள் பழையவையே. பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். போலிப் பாகங்கள் உறை மட்டும் அசலைப் போலவே இருக்கும்.

பிளைவீலில் நீலப் புள்ளிகள், மயிரிழை வெடிப்புகள், பள்ளங்கள் உள்ளனவா என்று நீங்களே பாருங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் மாற்ற வேண்டும். மற்றவற்றை லேத்தில் சீவலாம். பிளேட் உட்காரும் முகம் உள்ளடங்கியும், போல்ட் உட்காரும் முகம் உயர்ந்தும் உள்ள பிளைவீலானால், இரண்டு முகங்களையும் ஒரே அளவு சீவச் சொல்லுங்கள். உள் முகத்தை மட்டும் சீவினால் அழுத்தம் குறைந்து, புதிய கிளட்சே நழுவும்.

பின்புற ஆயில் சீலையும், பிளைவீல் நடுவிலுள்ள சிறிய பேரிங்கையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தூசியைக் காற்றால் ஊதவிடாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைப்பதே முறை. பிளேட்டை நடுவில் நிறுத்த டம்மி ஷாஃப்ட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை பிளேட்டில் தொங்கினால் பிளேட் வளைந்துவிடும். ஜாக்கியில் தாங்கியே ஏற்ற வேண்டும். ஸ்பிலைனில் கிரீஸ் இலேசாகத் தடவினால் போதும். மிகுதியானால் லைனிங்கில் தெறிக்கும்.

பிறகு உங்கள் கையில்

புதிய கிளட்சுக்கு முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை முழுச் சுமை வேண்டாம். ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டமே அதற்கு நல்ல பயிற்சி. எப்போதும் முதல் கியரில் நகர்த்துங்கள். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக் போடுங்கள். ஓடும்போது பெடல் மேல் கால் இருக்கக் கூடாது. வயலில் சக்கரம் புதைந்தால் எஞ்சினை உறுமவிடாமல், மண்ணை வெட்டி, பலகையோ கல்லோ கொடுத்து எடுங்கள். மாதம் ஒருமுறை பெடலின் ஆட்டத்தைப் பாருங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டுவதானால் இவற்றை அவருக்கும் சொல்லுங்கள். கூலிக்கு ஓட்டும் தம்பியைத் திட்டுவதைவிட, அருகில் உட்கார்ந்து ஒருமுறை மலையேறிப் பார்ப்பது பயன் தரும்.

உழவர் பெருமக்களே, அடுத்த முறை கிளட்ச் நழுவினால் கடைக்குப் போவதற்கு முன் பெடல் ஆட்டத்தையும் எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். பிறகு வண்டி நகர்த்தப்படும் கியரைப் பாருங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் உங்கள் பாதை கடினமானது என்றால், அகலமான பிளேட்டைத் தேடுங்கள். அறுவடைக்கு முந்தைய ஓய்வு நாட்களிலேயே இந்த வேலையை முடித்துக் கொண்டால், சந்தை நாளில் வண்டி உங்களைக் கைவிடாது. இந்த யோசனைகளைக் கடைப்பிடித்துப் பயன் பெற வேண்டுகிறேன்.